நிலுவையில் ஓர் அரசமரம்

மாடியில் ஈரத்துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன். எங்கள் மாடிக்கும் அவர்கள் மாடிக்கும் நடுவே நாலடிச் சந்துதான். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எதிரே தட்டில் நிற்கும் ஒன்றரை அடிப் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கையில் நகவெட்டி இருக்கும். வெட்டமாட்டார். நான் ஒரு வாளித் துணியை உதறிக் கிளிப் மாட்டி, கீழே போய்க் குழம்பைத் தாளித்து இறக்கி, இரண்டாவது வாளியோடு மேலே வந்தாலும் அதே ஸ்டூல், அதே நகவெட்டி.

"என்ன சார், இன்னும் வெட்டலையா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன் டீச்சர்."

"ஒரு கிளையை வெட்ட இம்புட்டு நேரமா?"

"வெட்டிட்டா ஒட்ட வைக்க முடியாதுல்ல."

எனக்கு உடம்பெல்லாம் எரியும். நான் நாற்பது பிள்ளைகளின் கணக்கு நோட்டை ஒரே பீரியடில் திருத்துகிறவள். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் அடுப்படிக்கு நாலு நடை நடக்கிறவள். விளாங்குடியில் இத்தனை தெரு இருக்க, ஆண்டவர் என்னை இந்த மனிதருக்குப் பக்கத்து வீட்டில் கொண்டுவந்து வைத்தாரே என்று மாதா கோயில் பூசையிலேயே முணுமுணுத்திருக்கிறேன்.

அவர் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஜட்ஜுக்குக் கீழே உட்கார்ந்து வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுப்பது, சான்றுப் பொருளுக்கு எண் போடுவது, வாய்தா தேதி குறிப்பது என்று வாழ்நாளை ஓட்டியவர். ஓய்வு பெற்றும் வாய் மாறவில்லை. மிக்ஸி ஓடவில்லையா, "அடுத்த வாய்தாவுல பாத்துக்கிரலாம்." முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போகவேண்டுமா, அதற்கும் வாய்தா. அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

"என்னையப் பொண்ணு பாத்துட்டுப் போயி பதினோரு மாசம் கழிச்சுப் பதில் சொன்ன மனுசன் டீச்சர். அதுக்குள்ள எங்கப்பா வேற ரெண்டு மாப்பிள்ளை பாத்துட்டாரு."

"அப்புறம் ஏன்க்கா இவரையே கட்டுனீங்க?"

"அவங்க ரெண்டு பேரும் வேணாம்னு சொல்லிட்டாங்க. இவரு ஒருத்தருதான் ஒண்ணுமே சொல்லாம இருந்தாரு."

போன்சாய் என்கிறார்களே, அந்த மாதிரிக் குட்டி மரங்கள் அந்த மாடியில் முப்பதுக்கு மேல் இருந்தன. ஆல், புளி, இலந்தை, கொடுக்காப்புளி, காகிதப்பூ. எல்லாம் மானாமதுரை மண் தட்டுகளில். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கட்டு உண்டு. நீளவாக்கில் மடித்த தாள்கள். மரம் எங்கே கிடைத்தது, எப்போது வேர் வெட்டியது, எப்போது கம்பி சுற்றி வளைத்தது, அடுத்து எப்போது தட்டு மாற்ற வேண்டும் எல்லாம் கோர்ட் எழுத்தில் இருக்கும். துளை போட்டு நூல் கோத்து, ஒரு தகரப்பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார். அடுத்து வேர் வெட்டும் தேதிக்கும் அந்தத் தாளில் வாய்தா என்றுதான் பெயர்.

அந்தப் பெட்டியில் ஒரு கட்டு என் வீட்டுச் சுவரைப் பற்றியது. சுவரில் முளைத்த ஓர் அரசங்கன்றைப் பற்றியது. அதை நான்தான் கொன்றேன். இதை அவரிடம் சொல்ல எனக்கு ஐந்து வருடம் இருந்தது. நான், பொறுமை இல்லாதவள், சொல்லவில்லை. இப்போது எரிச்சலாக வருகிறது. பாதி அவர் மேல், பாதி என் மேல்.

அவருடைய தாமதத்தால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு தடவை தல்லாகுளம் பக்கம் மலர்க் கண்காட்சி போட்டார்கள். குட்டி மரங்களுக்குத் தனிப் பரிசு என்று கேள்விப்பட்டு நான்தான் வந்து சொன்னேன். விண்ணப்பத்தை நானே வாங்கி நானே நிரப்பினேன். கையெழுத்து மட்டும் அவர் போட வேண்டும். அதற்கு நாலு நாள். அன்றைக்குக் காலையில் ஆட்டோவையும் நானே பிடித்தேன். புளியமரத்தை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் அவர், இரண்டு பக்கமும் அக்காவும் நானும்.  செல்லூரில் வண்டி நெரிசலில் நின்றது. மரத்தை மெல்ல வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, வண்டியைத் திருப்புங்க."

"எதையும் மறந்துட்டீங்களா சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லைண்ணே. இடது பக்கம் ஒரு கிளை வரணும். ரெண்டு வருசத்துல வந்துரும்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன். மறுநாள் பேப்பரில் முதல் பரிசு வாங்கிய மரத்தின் படம் வந்தது. அவருடைய புளியமரத்துக்குப் பக்கத்தில் அது நிற்கக்கூட லாயக்கில்லை. பேப்பரைக் கொண்டுபோய் முகத்துக்கு நேரே நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்கு டீச்சர்" என்றார்.

இப்படியெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் விட்டால் எனக்குப் பாவம் சேரும். என் வீட்டுக்காரருக்கு டெங்கு வந்து, ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போன மூன்று நாளும் ஆஸ்பத்திரி வராண்டாவில் என்னோடு இருந்தவர் அவர். சொந்தக்காரர்களும் வந்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை டாக்டர் என்ன சொன்னார், இப்போது எவ்வளவு இருக்கிறது, வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமா என்று என்னைப் பிய்த்து எடுத்தார்கள். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. பக்கத்தில் பிளாஸ்க், மடியில் மடித்த பேப்பர். நான் வெளியே வந்தால் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவார். நானாக ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்வார். சொல்லாவிட்டால் சும்மா இருப்பார். மூன்றாம் நாள் எண்ணிக்கை ஏறியதும் அவரிடம்தான் முதலில் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். "சரி டீச்சர். டீ ஆறிப்போச்சு, வேற வாங்கிட்டு வாரேன்" என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நடந்தார்.

இந்த ஒன்றுக்காகத்தான் சுவர் விஷயத்தில் அவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே, அவர்கள் மாடியைப் பார்த்த பக்கம், சன்ஷேடு சுவரோடு சேருகிற இடத்தில் அந்தக் கன்று முளைத்தது. காக்காய் போட்ட விதையாக இருக்கும். இரண்டே இலை. பிடுங்கி எறியலாம் என்று குனிந்து கையை நீட்டினேன்.

"டீச்சர்! டீச்சர்! அதுல கை வைக்காதீங்க!"

அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஏன் சார், பாம்பு கீம்பு இருக்கா?"

"செவத்துல முளைச்சது டீச்சர். மண்ணு கிடையாது, தண்ணி கிடையாது. வேரு செங்கல்லைப் பிடிச்சுக்கிட்டுத் தட்டையா இறங்கும். அந்த மாதிரி அடிமரம் நான் தட்டுல வச்சு இருபது வருசம் வளத்தாலும் வராது. ஒரு மழை போகட்டும். வர்ற ஆடியில நானே நோகாம எடுத்துக்கிறேன்."

"இது என் வீட்டுச் செவரு சார்."

"தெரியும் டீச்சர். ஒரே ஒரு வாய்தா."

ஒரே ஒரு வாய்தா நாலு வருடம் ஆனது. முதல் ஆடியில் வேர் நூலாக இருந்தது. இரண்டாம் ஆடியில் இப்போதுதான் பிடிக்கிறது என்றார். மூன்றாம் ஆடியில் அவருக்கு முழங்கால் வலி. நடுவில் கோடை வந்தால் ஒரு நீளக் கழியின் நுனியில் பிளாஸ்டிக் கப்பைக் கட்டி, சந்துக்கு மேலே நீட்டி, என் வீட்டுச் சுவருக்கு என் கண்ணெதிரே தண்ணீர் ஊற்றினார். நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். நாலாம் வருடம் அடிமரம் என் மணிக்கட்டு அளவு இருந்தது. வேர்கள் சுவரில் விரல் விரலாகப் பரவி ஒட்டிக்கொண்டிருந்தன. அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது என் படுக்கையறைச் சுவர். உள்பக்கம் மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு ஓடியது. மழை பெய்தால் வெடிப்பு ஓரம் ஈரம் பாய்ந்து பெயிண்ட் கொப்புளித்தது.

கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டீச்சரம்மா, வீட்டை வளக்குறீங்களா, மரத்தை வளக்குறீங்களா?"

"வெட்டிவிட்டுப் பூசிருங்களேன்."

"வெட்டுனா திரும்ப முளைக்கும். அடியில ஓட்டை போட்டுக் கட்டிப் பெருங்காயத்தை வச்சு அடைச்சு விட்ருங்க. வேரோட பட்டுப்போகும். அப்புறம் கூப்பிடுங்க, வாரேன்."

கொத்தனார் வந்துபோன பத்தாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் உள்சுவரின் பூச்சு ஒரு முழ அகலத்துக்குப் பெயர்ந்து கட்டிலில் கிடந்தது. என் வீட்டுக்காரர் தலை வைத்துப் படுக்கிற இடத்தில். டெங்குவுக்குத் தப்பியவர் தலையணை மேல் அரைச் செங்கல் கனத்துக்குச் சிமெண்ட். உடுத்திய சேலையோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

"சார், இனிமே என்னால முடியாது. இன்னைக்கே எடுங்க."

"பங்குனி வெயில் டீச்சர். இப்ப எடுத்தா செத்துரும். நாலே மாசம். இந்த ஆடி, சத்தியமா."

"போன ஆடிக்கும் இதையேதான் சொன்னீங்க."

"போன ஆடியில முழங்காலு மடக்க முடியலை டீச்சர், அடிமரத்துக் கழுத்தும் தடிக்கலை. இப்பப் பாருங்க, எம்புட்டு..."

நான் பார்க்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். நேருக்கு நேராக நின்று அரிவாளால் வெட்டிப் போட்டிருக்கலாம். என் சுவர், என் உரிமை, யார் கேட்பது? ஆனால் கையை ஓங்க நினைத்தாலே அந்த ஆஸ்பத்திரி பெஞ்சும் அவர் நகர்ந்து விட்ட இடமும் கண்ணில் வந்தன. அதனால் திருட்டுத்தனம் பண்ணினேன்.

அடுத்த வாரம் அவர்கள் இரண்டு பேரும் திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். பட்டப்பகல், பன்னிரண்டு மணி வெயில். என் வீட்டுக்காரரின் டிரில்லிங் மிஷினை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்து, அடிமரத்தில் துளை போட்டேன். வெள்ளையாகப் பால் வடிந்தது. கட்டிப் பெருங்காயத்தை உருட்டி உருட்டி உள்ளே திணித்தேன். அடைக்கக் களிமண் கொண்டுவர மறந்துவிட்டேன். மறுபடி கீழே இறங்கவும் பொறுமை இல்லை. சேலை முந்தானையில் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் துண்டு ஒன்று முடிந்து கிடந்தது, பச்சைக் கலர். அளவெடுத்த மாதிரி துளைக்குள் போய் உட்கார்ந்தது. கட்டைவிரலால் அழுத்தி, மேலே கொஞ்சம் சுவர் மண்ணைத் தேய்த்துவிட்டேன். மறுநாள் வகுப்பில் போர்டில் எழுதும்போதும் விரலில் அந்த வாசம் இருந்தது.

சித்திரையில் இலைகள் பழுத்தன. வைகாசியில் எல்லாம் உதிர்ந்தது.

"வெயிலு" என்றார் அவர். கப்பைக் கட்டிய கழியால் இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினார்.

அந்த ஆடியில் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். முழங்கால் வலியோடு எங்கள் மாடியிலிருந்து ஏணியைக் கட்டி இறங்கி, சின்ன உளியால் செங்கல்லைக் கொத்திக் கொத்தி, இரண்டு நாள் வேலை செய்து, ஒரு வேர் அறாமல் எடுத்தார். பிறகு என் வீட்டு மாடியிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து, மரத்தை மடியில் வைத்துக்கொண்டு, பழைய பல் பிரஷால் மண்ணைத் தட்டினார். நான் டீயோடு பக்கத்தில் நின்றேன். பிரஷ் ஓரிடத்தில் நின்றது. அடிமரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஊக்கை எடுத்து எதையோ நெம்பினார். மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பூச்சுத் துண்டாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லை டீச்சர். டீயைக் குடுங்க."

டீயைக் குடித்து முடிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தார் என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சுவரைப் பூசியாயிற்று, பெயிண்டும் அடித்தாயிற்று. ஆனால் அவர் அந்தச் செத்த மரத்தை ஒரு நல்ல தட்டில் நட்டு, என் மாடிக்கு நேர் எதிரே, முதல் வரிசையில் வைத்தார். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றினார். ஒரு வருடம் போனது. பட்டை சுருங்கி உரிந்தது. அப்போதும் ஊற்றினார். நான் துணி காயப்போடுகிற திசையிலா அதை வைக்க வேண்டும்? ஒரு நாள் பொறுக்காமல் கத்தியே விட்டேன்.

"சார், அது செத்துருச்சு!"

"பாக்கலாம் டீச்சர்."

"என்னத்தப் பாக்குறது? நகத்தால கீறிப் பாருங்க, பச்சை இருக்கான்னு."

"நாளாகட்டும்."

அவரைப் போல மரம் வளர்க்கிறவர்கள் சில பேர் மாதத்துக்கு ஒரு தடவை வந்து மாடியில் கூடுவார்கள். அவர்களில் ஒருவர், "என்னண்ணே, விறகுக்குத் தண்ணி ஊத்துறீங்க?" என்று கிண்டல் பண்ணியது எனக்கு இந்தப் பக்கம் கேட்டது. "அது ஒரு கேஸு, நிலுவையில இருக்கு மாப்ள" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஈரத்துணியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சாமியாரிடம் இதைச் சொன்னேன். ஒரு செடியைக் கொன்றதெல்லாம் பாவமா என்று அவரே தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். அவர், "செடியை விடுங்க டீச்சர். அவர்கிட்டப் போய்ச் சொல்லிட்டீங்களா?" என்றார். "சொல்லிர்றேன் சாமி" என்றேன். முழுப்பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன். பரீட்சை முடிந்தது. விடைத்தாள் திருத்தி முடியட்டும். லீவு முடியட்டும். அவர் முழங்காலுக்கு வைத்தியம் ஆகட்டும். கிறிஸ்துமஸ் வரட்டும், கேக்கோடு போய்ச் சொல்லிவிடலாம்.

கேக்கோடு போவேன். ஐந்து கிறிஸ்துமஸும் போனேன். அக்கா டீ போட உள்ளே போவார். அவர் கேக்கை ஓரத்திலிருந்து கிள்ளிக் கிள்ளித் தின்பார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க டீச்சர்" என்பார். எந்த அவசரமும் இல்லாத குரல். சொல்லத்தான் வாயைத் திறப்பேன்.

"கேக் எப்படி இருக்கு சார்?"

"இன்னும் கொஞ்சம் ஊறியிருக்கலாம்."

கிறிஸ்துமஸுக்கு மட்டுமில்லை. இட்லி மாவு கொடுக்கப் போனாலும், கரண்ட் கம்பி அறுந்ததைச் சொல்லப் போனாலும், நான் வந்த காரியம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் அந்த இரண்டு வார்த்தை வரும். "சொல்லுங்க டீச்சர்." சொன்னதெல்லாம் சொன்னபிறகு இன்னும் என்ன சொல்வது என்று எனக்குக் கோபம் வரும். வயதானால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு படி இறங்குவேன்.

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், இரண்டு இட்லி சாப்பிட்டு மூன்றாவது வேண்டாம் என்று கையைக் காட்டியவர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவதற்குள் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். எதற்கும் தேதி தள்ளிப்போடுகிற மனிதர் இதை மட்டும் தள்ளிப்போடவில்லை. நான் அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே, இனி சொல்ல வேண்டியதில்லை என்று உள்ளே ஒரு மூலையில் நிம்மதியும் வந்தது. அதற்காக அந்த இடத்திலேயே என்னை நான் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அக்கா மரங்களை ஒவ்வொன்றாகக் கொடுக்க ஆரம்பித்தார். மாதாந்திரக் கூட்டத்துக்காரர்கள் வந்து ஆளுக்கு ஒன்றிரண்டு எடுத்துப் போனார்கள். புளியமரத்தையும் கொண்டுபோனார்கள், இடது பக்கக் கிளை வந்திருந்தது. முந்தாநாள் சாயங்காலம் அக்கா சந்தில் நின்று என்னைக் கூப்பிட்டார். மாடிக்குப் போனேன். எல்லாம் காலியாகி ஈர வட்டங்கள் மட்டும் இருந்தன. முதல் வரிசையில் அந்தச் செத்த அரசமரம் ஒன்றே ஒன்று நின்றது.

"இது உங்களுக்கு டீச்சர். மரத்தோட கட்டும் போகணும்னு எப்பவும் சொல்லுவாரு." தகரப்பெட்டியிலிருந்து கடைசிக் கட்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

மற்றக் கட்டுகளைவிட இது தடியாக இருந்தது. நூலை அவிழ்த்தேன். முதலில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கவர் கீழே விழுந்தது. உள்ளே அரை அங்குலப் பச்சைச் சாக்பீஸ். கழுத்தில் நூல் கட்டி ஒரு அட்டை: சா.பொ. 1, சான்றுப் பொருள் ஒன்று. கோர்ட்டில் கத்திக்கும் ரத்தக்கறை வேட்டிக்கும் கட்டுவார்களே, அதே போல.

தாளில் அவருடைய சின்ன எழுத்து. 'எடுத்த இடம்: டீச்சர் வீட்டு மேற்குச் சுவர். நிலை: பட்டுப்போனது. அடிமரத் துளையிலிருந்து சாக்பீஸ் ஒன்று எடுக்கப்பட்டது. பெருங்காய வாடை உள்ளது. சுவர் வெடிப்பும் பார்வையிடப்பட்டது. தவறு என் பக்கமும் உண்டு.' அதற்குக் கீழே தேதிகள். ஆவணி, ஐப்பசி, மார்கழி, தை. பக்கம் பக்கமாக ஐந்து வருடத்துத் தேதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏறக்குறைய ஒரே வரி. 'டீச்சர் வந்திருந்தார். ஆஜராகவில்லை. வாய்தா.' 'டீச்சர் கேக்குடன் வந்திருந்தார். ஆஜராகவில்லை. வாய்தா.' 'டீச்சர் மாவு கொடுக்க வந்தார். ஆஜராகவில்லை. வாய்தா.'

படிக்கப் படிக்க எனக்குக் காது மடல் சூடாகியது. வெட்கம் பாதி. மீதி சுத்தக் கோபம். கேட்டிருக்கலாமே! 'டீச்சர், இது உங்க வேலைதானே' என்று ஒரு வார்த்தை. பிடிபட்டால் ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். சண்டை போட்டிருப்பேன், என் வீட்டுக்காரர் தலையணையில் விழுந்த சிமெண்டைப் பற்றிக் கத்தியிருப்பேன், பிறகு அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன். கால் மணி நேரத்து வேலை. அதற்கு ஐந்து வருடம் ஒரு விறகுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா ஒரு மனிதர்?

"அக்கா" என்றேன். "இந்த மரத்தை நான்தான்..."

அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அவரு சட்டைப்பையில அந்தப் பெருங்காய வாசம் மூணு நாளு போகலை டீச்சர். துவைச்சவ நானு. எனக்குத் தெரியும்."

"இல்லைக்கா, நான் சொல்லிர்றேன். இப்பவே சொல்லிர்றேன்."

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? கடைசிப் பக்கத்தைப் பாருங்க. அவருதான் தேதி போட்ருக்காருல்ல. அன்னைக்கு வாங்க."

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். சாவதற்கு நாலு நாள் முன்னால் எழுதியது. 'டீச்சர் மழைக்குத் துணி எடுக்க வந்தார். ஆஜராகவில்லை. வாய்தா: தை 5.'

மரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து என் மாடியில், அவருடைய ஸ்டூலுக்கு எதிரே வைத்திருக்கிறேன். ஸ்டூல் அங்கேயேதான் கிடக்கிறது; அக்கா எடுக்கவில்லை. இன்று காலையில் துணி காயப்போடப் போனபோது ஒரு கப் தண்ணீர் ஊற்றினேன்.

தை ஐந்துக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள் இருக்கிறது.